டிஎன் என்றால் துனிசியா: ஒரு குத்துவிளக்குக் கடையின் முகவரித் தரவு பற்றிய நிகழ்வு ஆய்வு

பெட்டி திரும்பி வந்தபோது அதன்மேல் ஒட்டியிருந்த முகவரியில் தெருப்பெயர் சரியாக இருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் என்ற ஊர்ப்பெயரும் 4001 என்ற அஞ்சல் எண்ணும் சரி. கடைசி வரியில் மட்டும் சவுதி அரேபியா என்று அச்சாகியிருந்தது.

உள்ளே மூன்றடி அன்னவிளக்கு. நாச்சியார்கோயில் விளக்கு மரை கழற்றி மாட்டும்படி செய்யப்படுவது. அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் நிற்கும் அன்னம் என்று தனித்தனியாகக் கழற்றி, துணி சுற்றி, வைக்கோல் அடைத்து அனுப்பியிருந்தார்கள். புதுமனை புகுவிழாவுக்கு ஏற்ற வேண்டிய விளக்கு அது. விழா முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடை முதலாளி அன்னத்தின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அடி எதுவும் படலை தம்பி. ஆனா அவங்க கேட்ட நாள் போயிடுச்சு" என்றார்.

1860-ல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் கரைசேர்ந்த அதே டர்பன். நான்கைந்து தலைமுறைக்குப் பிறகும் ஒரு குடும்பம் இங்கே விளக்கு கேட்டு எழுதுகிறது. அதை வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நடந்தது சின்ன விஷயம்தான். கும்பகோணம் கடையில் கணக்கு எழுதும் அக்கா, சவுத் ஆப்பிரிக்கா என்பதைச் சுருக்கி எக்செல் தாளில் எஸ்ஏ என்று போட்டிருந்தார். கூரியர் நிறுவனத்தின் தளத்தில் அந்தத் தாளை அப்படியே ஏற்றினோம். அந்தத் தளம் நாட்டுப் பத்தியில் ஐஎஸ்ஓ 3166 என்ற, நாடுகளுக்குக் குறியீடு வைக்கும் பன்னாட்டுத் தரநிலையின் இரண்டெழுத்துக் குறியீட்டை எதிர்பார்க்கிறது. அந்தத் தரநிலையில் எஸ்ஏ சவுதி அரேபியாவுடையது. தென்னாப்பிரிக்காவின் குறியீடு இசட்ஏ. டச்சு மொழியில் அந்த நாட்டின் பெயர் இசட்டில் தொடங்குவதால் வந்தது. அக்கா மேல் பழி இல்லை. இரண்டு எழுத்தைப் பார்த்தால் அது சுருக்கமா குறியீடா என்று யாருக்கும் தெரியாத ஒரு தாளை அவர் கையில் கொடுத்திருந்தோம். பிழை அங்கேதான்.

அதே வாரம் முதலாளியின் மகன் விற்பனை விவரத்தை உலக வரைபடமாகப் போட்டுப் பார்க்க ஒரு மென்பொருளில் ஏற்றினான். மிக அடர்ந்த நிறம் வட ஆப்பிரிக்காவில் துனிசியாவின் மேல் விழுந்தது. அடுத்தது தென்னமெரிக்காவில் பராகுவே. "அண்ணே, இங்கெல்லாம் நாம ஒரு சொம்புகூட வித்ததில்லையே" என்று கணினியைத் திருப்பிக் காட்டினான். நாட்டுப் பத்தியில் பலர் மாநிலத்தை எழுதியிருந்தார்கள். டிஎன் என்றால் நமக்குத் தமிழ்நாடு, பிஒய் என்றால் புதுச்சேரி. ஐஎஸ்ஓ-வின் நாட்டுப் பட்டியலிலோ டிஎன் துனிசியா, பிஒய் பராகுவே. கும்பகோணத்துக் கடை விற்பனை துனிசியாவுக்கும், காரைக்கால் கிளையின் விற்பனை பராகுவேக்கும் போயிருந்தது.

அதன் பிறகுதான் முழுத் தரவையும் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

தரவு இருந்த நிலை

மூன்று இடங்களிலிருந்து முகவரிகள் வந்துகொண்டிருந்தன. கும்பகோணம் கடையின் எக்செல் தாள், காரைக்கால் கிளையின் பில் போடும் மென்பொருள், மகன் வாட்ஸ்அப்பில் வாங்கும் வெளிநாட்டு ஆர்டர்கள். மூன்றிலும் நாடு என்று ஒரு பத்தி உண்டு, மூன்றும் வெறும் எழுத்துப் பெட்டிகள். கைக்கு வந்ததை எழுதலாம்.

அதனால் இந்தியா என்பது இந்தியா, பாரத், ஐஎன்டி, தமிழ்நாடு, டிஎன், சென்னை என்றெல்லாம் இருந்தது. இலங்கை ஒரு வரியில் ஸ்ரீலங்கா, இன்னொன்றில் சிலோன், மற்றொன்றில் யாழ்ப்பாணம். பிரிட்டனுக்கு யுகே, இங்கிலாந்து, லண்டன் மூன்றும் இருந்தன. ஐஎஸ்ஓ-வில் அதன் குறியீடு ஜிபி; யுகே என்பது வேறு யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்த எழுத்து, அவ்வளவுதான். துபாய் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வளைகுடாவுக்குப் போனவர் எல்லோரும் பேச்சில் துபாய்க்குப் போனவர்தான். தொலைபேசி எண் 965 என்று தொடங்க, முகவரியில் குவைத் என்றே இருக்க, நாட்டுப் பத்தியில் மட்டும் துபாய் என்று எழுதிய வரிகள் பல இருந்தன. எழுதியவர் பொய் எழுதவில்லை. ஊரில் அப்படித்தான் சொல்கிறோம்.

தொலைபேசியின் நாட்டு எண்ணை வைத்தே நாட்டைக் கண்டுபிடித்துவிடலாமே என்று மகன் கேட்டான். குவைத்துக்கு அது சரிப்படும். 1 என்று தொடங்கினால் அமெரிக்காவாகவும் இருக்கலாம், கனடாவாகவும் இருக்கலாம், கரீபியன் தீவாகவும் இருக்கலாம். தாளில் சிஏ என்றிருந்த வரிகள் கனடாவா கலிஃபோர்னியாவா என்பதைத் தொலைபேசியின் நாட்டு எண் சொல்லாது. அங்கே அஞ்சல் எண்தான் கைகொடுத்தது: கனடாவில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும், அமெரிக்காவில் ஐந்து இலக்கம்.

609

அஞ்சல் எண்ணை நம்பியதால் வந்த பிழைதான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியமானது. அந்த விதியை எழுதியவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் கடையின் பில் மென்பொருளில் மாநிலத்தைத் தானாக நிரப்ப ஒரு வழி கேட்டார்கள். பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தை எடுத்துக்கொண்டு, அது எந்த வட்டாரம் என்று பார்த்து மாநிலத்தைப் போடும்படி எழுதினேன். 612 கும்பகோணம், 613 தஞ்சாவூர், 610 திருவாரூர், 611 நாகப்பட்டினம், 609 மயிலாடுதுறை. எல்லாம் தமிழ்நாடு. சோதித்துப் பார்த்த முகவரிகள் எல்லாம் சரியாகவே வந்தன.

மயிலாடுதுறை 609001. காரைக்காலோ 609602, திருநள்ளாறு 609607. டெல்டாவில் பிறந்த யாருக்கும் காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்று தெரியும். நாகைக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், ஒரு பக்கம் கடலோடு இருக்கிறது. கும்பகோணத்தைத் தொட்டு ஓடும் அரசலாறு போய்க் கடலில் சேர்வதே காரைக்காலில்தான். அஞ்சல் துறை கடிதம் கொண்டுசேர்க்கும் வசதிக்காக வட்டாரம் பிரித்தது. 1972-ல் பின்கோடு வந்தபோது மாநில எல்லையைச் சொல்வது அதன் வேலை இல்லை. 6 என்ற முதல் இலக்கமே தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாவற்றுக்கும் பொது. எனக்குத் தெரிந்த நிலவியலையே நான் நிரலில் எழுதவில்லை.

விளைவு வரியில் வந்தது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. கும்பகோணத்திலிருந்து திருநள்ளாற்று வீட்டுக்கு ஒரு விளக்கை அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை, ஐஜிஎஸ்டி போட வேண்டும். என் விதி 609-ஐப் பார்த்துத் தமிழ்நாடு என்று முடிவுகட்டி, மாநிலத்துக்குள் விற்றதுபோல் ஒன்றியத்துக்கான சிஜிஎஸ்டி பாதி, மாநிலத்துக்கான எஸ்ஜிஎஸ்டி பாதி என்று போட்டுக்கொண்டிருந்தது. காரைக்கால் கிளை திருநள்ளாற்றுக்கு அனுப்பிய சரக்கில் இதே தவறு தலைகீழாக. வாடிக்கையாளர் கொடுத்த தொகையில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்த கணக்குத் தலைப்புதான் தப்பு. ஆடிட்டர் கண்டுபிடித்தார். சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பழைய பில்களை மேசைமேல் அடுக்கி, திருநள்ளாறு என்ற சொல்லின் அடியில் ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார்.

இதே 609 இன்னோர் இடத்திலும் இருந்தது. சிங்கப்பூர் அஞ்சல் எண்ணும் ஆறு இலக்கம். ஜூரோங் கிழக்குப் பகுதியில் 600, 609 என்று தொடங்கும் எண்கள் உண்டு. அங்கிருக்கும் அறிவியல் மையத்தின் எண் 609081. நாட்டுப் பத்தி காலியாக இருந்த ஒரு ஜூரோங் முகவரியை என் விதி மயிலாடுதுறைப் பக்கம் கொண்டுவந்து வைத்திருந்தது. ஆறு இலக்கம் இருந்தால் இந்தியப் பின்கோடு என்று எழுதிய வரியை அன்றே அழித்தேன். நாடு எது என்று தெரிந்த பிறகுதான் அஞ்சல் எண்ணுக்கு அர்த்தமே வருகிறது.

புல எண் மாதிரி

பெயர் வேறு குறியீடு வேறு என்பதை முதலாளிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார். "எங்க நஞ்சையை ஊர்ல பனையடி வயல்னுதான் சொல்லுவாங்க. பனை விழுந்து நாப்பது வருசம் ஆச்சு. பத்திரத்துல பனையடின்னா எழுத முடியும்? சர்வே நம்பர்தான்."

அந்த உவமை நான் நினைத்ததைவிட ஆழமாகப் பொருந்தியது. நிலம் கை மாறினால் பட்டாவில் பெயர் மாறும், புல எண் அப்படியே நிற்கும். நிலத்தையே துண்டு போட்டால் உட்பிரிவு எண் புதிதாக வரும். ஐஎஸ்ஓ 3166-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று அடையாளம் உண்டு: இரண்டெழுத்து, மூன்றெழுத்து, மூன்று இலக்க எண். இந்தியாவுக்கு ஐஎன், ஐஎன்டி, 356. எழுத்துகள் பெயரைப் பார்த்து வைத்தவை. எண்ணோ ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் பிரிவு கொடுப்பது, அது நிலப்பரப்பைச் சேர்ந்தது. பர்மா 1989-ல் மியான்மர் ஆனபோது பியு என்ற எழுத்து எம்எம் ஆயிற்று, 104 என்ற எண் மாறவில்லை. 2011-ல் தெற்கு சூடான் பிரிந்தபோது சூடானுக்குப் பெயரும் எஸ்டி என்ற எழுத்தும் அப்படியே இருந்தன, எண் மட்டும் 736-லிருந்து 729 ஆயிற்று. தெற்கே புதிய நாட்டுக்கு எஸ்எஸ், 728. பட்டா மாற்றமும் உட்பிரிவும் தவிர இது வேறென்ன? முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் எழுந்துபோய்ப் பழைய பேரேடு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் அவர் தாத்தா கையெழுத்தில் பர்மா, ரங்கூன் என்று ஒரு வரி இருந்தது.

ஒரு எழுத்து கைமாறுவதும் நடந்திருக்கிறது. சிஎஸ் செக்கோஸ்லோவாக்கியாவுடையது. அந்த நாடு 1993-ல் பிரிந்த பின், 2003-ல் அதே எழுத்தை செர்பியா மாண்டினீக்ரோவுக்குக் கொடுத்தார்கள். 2006-ல் அதுவும் இரண்டானது. பழைய பதிவில் சிஎஸ் என்று இருந்தால் எந்த ஆண்டு என்று கேட்காமல் நாட்டைச் சொல்ல முடியாது. பிறகு, விட்டுப்போன ஓர் எழுத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்கும் முன் காத்திருக்க வேண்டிய இடைவெளியையே ஐம்பது ஆண்டாக நீட்டினார்கள். நான் அட்டவணையில் தேதிப் பத்தி வைத்ததற்குக் காரணம் இதுதான்.

செய்து முடித்தவை

நாடுகளுக்குத் தனி அட்டவணை. இரண்டெழுத்துக் குறியீடுதான் அதில் ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் திறவுகோல், ஏனெனில் கூரியரும் சுங்கப் படிவமும் அதைத்தான் கேட்கின்றன. மூன்று இலக்க எண்ணையும் பக்கத்தில் வைத்தோம், ஆனால் எழுத்தாக. எண்ணாக வைத்தால் ஆஸ்திரேலியாவின் 036 எக்செலைத் தாண்டும்போதே 36 ஆகிவிடும். வாடிக்கையாளர் அட்டவணையில் இந்தப் பட்டியலில் இல்லாத எதையும் நாடாக எழுத முடியாதபடி தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு போட்டோம். திரையில் அக்காவுக்குத் தெரிவது தமிழ்ப் பெயர். யூனிகோடு கூட்டமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் தொகுப்பில் எல்லா நாட்டுப் பெயரும் தமிழில் இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். "தென்" என்று இரண்டு எழுத்து தட்டினால் தென்னாப்பிரிக்கா வந்து நிற்கும். இசட்ஏ என்பதை அவர் நினைவில் வைக்க வேண்டியதே இல்லை.

பேச்சுப் பெயர்களை ஒதுக்கிவிடவில்லை. சிலோன் என்று தட்டினாலும் இலங்கை வரும்படி மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்று சேர்த்தோம். துபாய் என்று தட்டினால் மட்டும் எமிரேட்ஸ், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், சவுதி என்று ஆறையும் காட்டி எது என்று கேட்கும். வாடிக்கையாளர் முதலில் எழுதியது என்னவோ அதைத் தனிப் பத்தியில் ஒரு எழுத்தும் திருத்தாமல் வைத்திருக்கிறோம். நாம் மாற்றியது தப்பென்று நாளைக்குத் தெரிந்தால் திரும்பிப் போக வழி வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மாநிலத்துக்கு 3166-இன் இரண்டாம் பகுதி. அங்கே தமிழ்நாடு ஐஎன்-டிஎன், புதுச்சேரி ஐஎன்-பிஒய். முன்னால் இருக்கும் ஐஎன்-ஐ வெட்டிவிட்டுச் சேமிப்பவர்கள் பலர். வெட்டினால் துனிசியா திரும்பி வந்துவிடும், அமெரிக்காவின் டென்னசியும்கூட வரும், அதன் சுருக்கமும் டிஎன்தான். ஆகவே முழுக் குறியீடு. ஜிஎஸ்டியின் 33, 34 அதே வரியில் இன்னொரு பத்தி. இரண்டையும் ஒன்றாகக் குழைக்கவில்லை. குறியீடும் நிரந்தரம் இல்லை என்பதற்கு ஒடிசா சாட்சி: மாநிலத்தின் பெயர் 2011-ல் மாறியது, ஐஎஸ்ஓ-வில் ஓஆர் என்பது ஓடி ஆனதோ 2023-ல்.

மாவட்டத்தில் ஐஎஸ்ஓ கைவிரித்துவிடும். இந்தியாவைப் பொறுத்தவரை அது மாநிலத்தோடும் ஒன்றியப் பகுதியோடும் நின்றுவிடுகிறது. எங்களுக்கோ மாவட்டம் வேண்டும், உள்ளூர் வண்டி அதை வைத்துத்தான் போகிறது. ஒன்றியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் மாவட்டம் முதல் கிராமம் வரை எண் உண்டு. அதை எடுத்துக்கொண்டோம். ஒரே தஞ்சாவூர் மாவட்டமாக இருந்தது 1991-ல் நாகப்பட்டினத்தைப் பிரித்தது, 1997-ல் திருவாரூர் வந்தது, 2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமாகத் தொடங்கியது. சீர்காழி வாடிக்கையாளர் ஒருவருக்கு நாகப்பட்டினம் மாவட்டம் என்று இருந்த பதிவு அன்று சரி, இன்று தவறு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி என்று இரண்டு பத்தி வைத்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின் எண்களைப் பயன்படுத்தியிருந்தால் மயிலாடுதுறை என்ற வரியே கிடைத்திருக்காது.

இன்னொன்றையும் சோதித்தோம், வாடிக்கையாளர் யாரும் அங்கே இல்லாவிட்டாலும். நமீபியாவின் குறியீடு என்ஏ. பைத்தான் நிரல்மொழியின் பாண்டாஸ் நூலகம் சிஎஸ்வி கோப்பைப் படிக்கும்போது என்ஏ-வை விவரம் இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைக் காலியாக்கிவிடும். அதைத் தடுக்கும் அமைப்பைப் போட்டுவிட்டுத்தான் கோப்புகளை ஏற்றினேன்.

செயிண்ட் டெனி

காரைக்கால் கிளையில் ஒரு பெரியவர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், மகள் வெளிநாட்டில். விளக்கு அனுப்ப வேண்டிய ஊர் செயிண்ட் டெனி, நாடு பிரான்ஸ் என்று எழுதியிருந்தார். பாரிஸ் பக்கத்தில் ஒரு செயிண்ட் டெனி உண்டு, அஞ்சல் எண் 93200. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவின் தலைநகரும் செயிண்ட் டெனிதான், 97400. அவர் எழுதியிருந்தது 97400.

ரீயூனியன் பிரான்ஸின் மாவட்டங்களில் ஒன்று. ஆனாலும் ஐஎஸ்ஓ-வின் நாட்டுப் பட்டியலில் அதற்கு ஆர்இ என்று தனிக் குறியீடு இருக்கிறது, பிரான்ஸின் உட்பிரிவாக எஃப்ஆர்-974 என்றும் இருக்கிறது. பட்டியலில் இருப்பதெல்லாம் தனி நாடு அல்ல என்பதை இந்த ஒரு வரி காட்டிவிடும். சரக்குக்கு ஆர்இ என்றே போட வேண்டும்; ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இருந்தாலும் அதன் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே இருக்கும் இடம் அது.

திரையில் ரீயூனியன் என்று மாற்றியதைப் பார்த்ததும் பெரியவருக்கு முகம் சுருங்கியது. "நாங்க பிரான்ஸ்தான் தம்பி. என் பாஸ்போர்ட்டைப் பாருங்க."

அவர் சொல்வது சரி. நாங்கள் ஒரே பத்தியில் இரண்டு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பெட்டி எங்கே போக வேண்டும் என்பது ஒன்று, இவர் எந்த நாட்டவர் என்பது இன்னொன்று. விளக்குக் கடைக்கு இரண்டாவது கேள்வி வேண்டவே வேண்டாம். பத்தியின் தலைப்பை "நாடு" என்பதிலிருந்து "பெட்டி சேரும் இடம்" என்று மாற்றினேன். பெரியவர் முகவரியில் பிரான்ஸ் என்ற சொல்லை அவர் எழுதிய வரியில் அப்படியே விட்டு, ஒட்டும் சீட்டின் கீழே ஆர்இ அச்சாகும்படி செய்தேன். அச்சான சீட்டைக் கையில் வாங்கி இரண்டு முறை படித்தார். "இப்ப சரி" என்று சொல்லி, மகளுக்குப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

மிச்சம் இருப்பவை

தானாக மாற்ற முடிந்த வரிகளை ஒரே இரவில் மாற்றினோம். இரண்டு பொருள் தரும் எதையும் நிரல் தொடக்கூடாது என்று முன்பே முடிவு. அவை தனிப் பட்டியலாக அக்காவிடம் போயின. மாலை நான்கு மணிக்கு மேல் கடையில் கூட்டம் குறையும்போது ஒவ்வொருவராகப் போன் செய்து கேட்கிறார். ஜார்ஜியா என்று எழுதிய ஒருவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவில் இருக்கிறார் என்பது அப்படித்தான் தெரிந்தது. ஜார்ஜியா என்ற தனி நாடும் பட்டியலில் உண்டு. பட்டியல் இன்னும் தீரவில்லை. கார்த்திகை விற்பனை முடிந்த பிறகுதான் மறுபடி கையில் எடுக்க முடியும்.

டர்பன் விளக்கை மறுபடி அனுப்பினோம். செலவு கடையுடையது. விழா நாள் போய்விட்டாலும் தை மாதம் பொங்கலுக்கு ஏற்றுவோம் என்று அந்த வீட்டு அம்மா எழுதியிருந்தார். அக்காவே பெட்டியைக் கட்டினார். பழைய சீட்டைக் கிழித்து எடுக்க முயன்றபோது சவுதி என்ற சொல் மட்டும் பிய்ந்து வராமல் அட்டையிலேயே ஒட்டிக்கொண்டது. கறுப்பு மையால் அதை முழுவதுமாக அடித்துவிட்டு, மேலே புதுச் சீட்டை ஒட்டி, நான்கு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தினார். கீழே இசட்ஏ என்று இருந்தது. "இது தென்னாப்பிரிக்காதானே தம்பி?" என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பெட்டியைக் கொடுத்தார்.